ஒரே ஆள், பல நாள்: மனிதர்கள் மாறுவதை அளக்கும் புள்ளியியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியலில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஒரு எக்செல் கோப்போடு என் எதிரே வந்து உட்காரும்போது கேட்கிற கேள்விகள் இவை. வருடக்கணக்கில் வாயால் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம். சராசரி, திட்ட விலக்கம், நேர்கோட்டு ரிக்ரெஷன் மூன்றும் தெரிந்திருந்தால் இதைப் படிக்கப் போதும்.

ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளப்பானேன்? 20 வயதுக்காரர்களையும் 70 வயதுக்காரர்களையும் ஒரே வாரத்தில் அளந்து ஒப்பிட்டால் வேலை முடிந்ததே?

வேலை முடியும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956இல் வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் 500 பேருக்கு அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார். இளையவர் முதல் முதியவர் வரை எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். அந்த ஒரு வருடத் தரவை மட்டும் பார்த்தால், நடுவயதைத் தாண்டும் முன்பே திறன்கள் சரியத் தொடங்குவதுபோலத் தெரியும். அவர் அதோடு நிறுத்தவில்லை. 7 வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார், கூடவே புது ஆட்களையும் சேர்த்துக்கொண்டே போனார். ஒரே ஆளைப் பின்தொடர்ந்தபோது படம் மாறியது. பெரும்பாலான திறன்கள் 60ஐ ஒட்டிய வயது வரை பெரிதாக விழவில்லை. வேகம் சார்ந்தவைதான் முன்னதாக இறங்கின.

காரணம் எளிது. 1956இல் 70 வயதானவர் பிறந்தது 1886இல், 20 வயதுக்காரர் பிறந்தது 1936இல். பள்ளிக்கூடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாமே வேறு. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது வயது வித்தியாசம் மட்டுமில்லை, அரை நூற்றாண்டு வித்தியாசமும்தான். ஒரே நாளில் எடுத்த தரவில் இந்த இரண்டையும் பிரிக்க வழியே கிடையாது.

பின்தொடர்வதிலும் கோளாறு உண்டு. அதே சோதனையைத் திரும்ப எழுதினால் பழக்கத்திலேயே மதிப்பெண் கூடும், முடியாதவர்கள் நடுவில் நின்றுவிடுவார்கள். இதைப் பற்றிக் கீழே.

சரி, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. கழித்தால் மாற்றம் வந்துவிடுமே?

என்னிடம் வருகிற கோப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சிகிச்சைக்கு முன் ஒரு மதிப்பெண், பின் ஒரு மதிப்பெண், நடுவில் ஒரு டி டெஸ்ட், அதாவது இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை.

முதல் தொல்லை அளவீட்டுப் பிழை. ஒரு மனச்சோர்வு அளவுகோலின் திட்ட விலக்கம் 10, நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் எவ்வளவு மாறாமல் வரும் என்பது, 1 என்றால் பிழையே இல்லை) 0.84 என்று வைத்துக்கொள்வோம். ஒரு அளவீட்டில் இருக்கும் பிழை 10 × √(1 − 0.84), அதாவது 4. கழிக்கும்போது இரண்டு அளவீட்டின் பிழையும் சேர்ந்துகொள்கிறது: 4 × √2, ஏறக்குறைய 5.7. அதை 1.96ஆல் பெருக்கினால் 11 வரும். ஆக, ஒருவருக்கு மதிப்பெண் 11க்குக் குறைவாக மாறியிருந்தால், உண்மையில் எதுவுமே மாறாமல் வெறும் பிழையால் வந்ததாகவும் இருக்கலாம். ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் இருவரும் 1991இல் பரப்பிய கணக்கு இது. "எங்கள் நோயாளிக்கு 6 புள்ளி முன்னேற்றம்" என்று யாராவது ஸ்லைடு போடும்போது இந்த 11ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துக் காட்டிய சராசரி நோக்கிய சரிவு. மதிப்பெண் மிக அதிகமாக இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி ஆய்வில் சேர்க்கிறீர்கள். அவர்கள் சராசரியைவிட 20 புள்ளி மேலே இருக்கிறார்கள். இரு தடவைக்கும் இடையேயான ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.7 என்றால், ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த தடவை சுமார் 14 புள்ளி மேலேதான் இருப்பார்கள். அந்த 6 புள்ளி உங்கள் சிகிச்சையின் சாதனையாக ஆய்வேட்டில் ஏறிவிடும். ஒப்பீட்டுக் குழு இல்லாத முன் - பின் ஆய்வைப் பார்த்தாலே எனக்கு முகம் சுளிப்பது இதனால்தான்.

1970இல் குரோன்பாக்கும் ஃபர்பியும், கழித்து வரும் மதிப்பெண்ணையே கைவிடச் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார்கள். 12 வருடம் கழித்து ரோகோசாவும் கூட்டாளிகளும் பதில் சொன்னார்கள்: கழித்தலில் குற்றமில்லை, எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவு மாறும்போதுதான் அதன் நம்பகத்தன்மை விழுகிறது, இரண்டே தடவை அளந்துவிட்டு மாற்றத்தைப் பற்றிப் பேசுவதில்தான் கோளாறு. எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்கோடு அச்சாகப் பொருந்திவிடும். அது சரியா தப்பா என்று சொல்ல மூன்றாவது புள்ளி வேண்டும்.

நிஜத் தரவில் ஒன்று காட்டுங்களேன்.

நான் எப்போதும் எடுப்பது தூக்கத் தரவுதான். ஆர் மென்பொருளில் எல்எம்இ4 என்ற தொகுப்பை நிறுவினால் ஸ்லீப்ஸ்டடி என்ற பெயரில் கூடவே வரும். அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வகத்தில் பெலன்கி குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி அது. கனரக வாகன உரிமம் வைத்திருந்தவர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரவில் இத்தனை மணி நேரம்தான் படுக்கை என்று வைத்தார்கள். நம் கையில் இருப்பது 3 மணி நேரம் மட்டும் படுக்க விடப்பட்ட 18 பேர். 0 முதல் 9 வரை 10 நாள், ஒவ்வொரு நாளும் எதிர்வினை நேரத்தின் சராசரி, மில்லிசெகண்டில். மொத்தம் 180 எண்கள்.

எந்த மாடலும் போடாமல் முதலில் ஆள் ஆளாக வரைந்து பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். 18 குட்டிப் படங்கள், அவ்வளவுதான்.

308ஆம் எண் ஆள்: தொடக்கத்தில் 250 மில்லிசெகண்ட், ஒன்பதாம் நாள் 466. பாவம், ஆளே சரிந்துவிட்டார். 309: தொடக்கம் 223, கடைசி 237, தூக்கம் போனதே தெரியாத மாதிரி. 335: தொடக்கம் 242, இடையில் 274 வரை போய்விட்டுக் கடைசியில் 237. மூன்று பேருக்கும் ஒரே கொடுமைதான் நடந்தது.

308ஐ இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஆறாம் நாள் 382, ஏழாம் நாள் 290, எட்டாம் நாள் 431. ஏழாம் நாள் மட்டும் ஏன் இறங்கியது என்று யாருக்குத் தெரியும், மனிதர்கள் அப்படித்தான். இப்போது முன் - பின் ஆய்வு செய்கிறவர் ஒருவர் 0ஆம் நாளும் 7ஆம் நாளும் மட்டும் அளந்திருந்தால் "41 மில்லிசெகண்ட் மோசமானார்" என்று எழுதியிருப்பார். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் "181". அதே ஆள், அதே ஆய்வு.

மாடல் இதில் என்ன செய்கிறது?

மிக்ஸ்டு மாடல் என்றும் பலநிலை மாடல் என்றும் சொல்வது இரண்டும் ஒன்றுதான். லேர்டு, வேர் இருவரின் 1982ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு பரவலானது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நேர்கோடு உண்டு என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோடுகளின் தொடக்கப் புள்ளியும் சாய்வும் ஆளுக்கு ஆள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கணக்கிடுகிறது.

தூக்கத் தரவில் வருவது இது. சராசரித் தொடக்கம் 251 மில்லிசெகண்ட். சராசரிச் சாய்வு நாளுக்கு 10.5. பலரும் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள், விஷயம் தொடங்குவதே இங்கேதான். சாய்வின் திட்ட விலக்கம் 5.9. ஆக, இப்படிப்பட்ட ஆட்களில் 100க்கு 95 பேருடைய சாய்வு −1க்கும் 22க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். "தூக்கம் கெட்டால் நாளுக்கு 10 மில்லிசெகண்ட் மந்தமாவார்கள்" என்ற வாக்கியம் சராசரியைப் பற்றியது. உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் டிரைவரைப் பற்றி அது சொல்வது ரொம்பக் கொஞ்சம். மூன்றாவது எண்ணும் உண்டு: கோட்டைச் சுற்றி நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஆட்டம், திட்ட விலக்கம் 25.6. அந்த ஏழாம் நாள் 290 போன்றவை போய்ச் சேரும் இடம் அது.

ஆளுக்கு ஒரு ரிக்ரெஷன் தனித்தனியாகப் போட்டால் என்ன? இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா?

போடலாம், போட்டும் பார்க்க வேண்டும். 308க்குத் தனியாகப் போட்டால் சாய்வு 21.8, மிக்ஸ்டு மாடலில் 19.7. 335க்குத் தனியாக −2.9, மாடலில் −0.3. மாடல் எல்லாரையும் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுக்கிறது. இதைப் பார்த்ததும் மாணவர்களுக்குக் கோபம் வரும், "என் தரவை ஏன் சார் மாத்துது?" என்பார்கள்.

கிரிக்கெட்டில் முதல் மேட்ச்சிலேயே 140 அடித்த புதுப் பையனின் உண்மையான சராசரி 140 என்று நாம் யாரும் நம்புவதில்லை. "நல்லா ஆடுவான், ஆனா 140 எல்லாம் ஓவர்" என்கிறோம். மற்ற ஆட்டக்காரர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததை இந்தப் பையனின் ஒரே ஒரு எண்ணோடு கலந்து சொல்லும் கணிப்பு அது. மாடல் செய்வதும் அதேதான். தரவு குறைவாக இருக்கும் ஆளை அதிகமாக இழுக்கும், நிறைய தடவை அளந்த ஆளை அவர் போக்கில் விட்டுவிடும். தூக்கம் கெட்டதால் 335 வேகமாகிவிட்டார் என்று நம்புவதைவிட, அவர் ஏறத்தாழ மாறவில்லை என்று நம்புவது புத்திசாலித்தனம் இல்லையா?

ஒரே ஆட்களைப் பல தடவை அளந்து சராசரிகளை ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போதாதா?

எல்லாரையும் ஒரே இடைவெளியில், ஒரு தடவைகூட விடாமல் அளந்திருந்தால் பரவாயில்லை. பத்தில் ஒரு நாள் வராத ஆளை வழக்கமான அனோவா முழுசாகத் தூக்கிப் போட்டுவிடும். அவர் கொடுத்த மற்ற ஒன்பது நாளும் வீண். தவிர, யாருடைய சாய்வு என்ன என்பதை அது சொல்லாது.

லேட்டன்ட் குரோத் கர்வ் என்று இன்னொன்றும் சொல்கிறார்களே?

பெரும்பாலும் அதே மாடல், வேறு வாசல் வழியாக. மெரிடித், டிசாக் இருவரும் 1990இல் அதை ஃபேக்டர் அனாலிசிஸ் (பல அளவீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொதுக் காரணியைத் தேடும் முறை) மொழியில் எழுதிக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில் வந்தால் மிக்ஸ்டு மாடல் வசதி. ஒரே அளவுகோலில் பல கேள்விகள் இருந்து அவற்றின் பிழையையும் பிரிக்க வேண்டும் என்றால் குரோத் கர்வ் வசதி. உங்கள் வழிகாட்டிக்கு எது தெரியுமோ அதுவும் ஒரு காரணம்தான், வெட்கப்பட வேண்டாம்.

"தொடக்கத்தில் அதிகமாக இருந்தவர்கள் வேகமாக மாறினார்கள்" என்று எழுதலாமா?

எந்தத் தொடக்கம் என்பதைப் பொறுத்தது. இதில் விழாத ஆய்வேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

தூக்கத் தரவில் 0ஆம் நாளைத் தொடக்கமாக வைத்தால், தொடக்கத்துக்கும் சாய்வுக்கும் இடையேயான ஒட்டுறவு 0.07. அதாவது தொடர்பே இல்லை. ஆனால் அந்த ஆய்வில் முதல் இரண்டு நாள் (0, 1) பயிற்சி, 2ஆம் நாள்தான் அடிப்படை அளவீடு, தூக்கத்தைக் குறைத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே பூஜ்ஜியத்தை 2ஆம் நாளுக்கு நகர்த்துவதில் நியாயம் உண்டு. நகர்த்தினால் ஒட்டுறவு சுமார் 0.48. கடைசி நாளுக்கு நகர்த்தினால் 0.91!

தரவில் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. மாடலும் எல்லா விதத்திலும் அதேதான், கோடுகளும் அதே கோடுகள். விசிறி மாதிரி விரியும் கோடுகளை எந்த இடத்தில் வெட்டிப் பார்க்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது. விரிந்த பக்கம் வெட்டினால் மேலே இருப்பவர் எல்லாம் செங்குத்தாக ஏறியவராகத்தான் இருப்பார். ஆகவே ஒட்டுறவை எழுதும்போது பூஜ்ஜியம் எந்த நாள், ஏன் அந்த நாள் என்று அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

ஆட்களுக்கு இடையே தெரியும் தொடர்பும் ஒரு ஆளுக்குள் தெரியும் தொடர்பும் ஒன்றுதானே?

இல்லை. எல்லாக் கேள்விகளிலும் இதை ஒன்றையாவது எடுத்துப் போங்கள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு உடனே புரியும். ஹையர் முடித்தவர் வேகமாகவும் அடிப்பார், தப்பும் குறைவு. புதிதாகச் சேர்ந்தவர் மெதுவாக அடித்தும் தப்பு விடுவார். வகுப்பு முழுவதையும் ஒரே படத்தில் போட்டால் வேகம் கூடக் கூடத் தப்பு குறையும். அதை நம்பி ஒருவரிடம் "தப்பு குறையணுமா, இன்னும் வேகமா அடி" என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் கந்தலாகும். அவரவருடைய வழக்கமான வேகத்தைத் தாண்டினால் தப்பு கூடத்தான் செய்யும். இரண்டு தொடர்பும் உண்மை, திசைதான் எதிரெதிர்.

பீட்டர் மோலினார் 2004இல் இதைக் கணிதமாகவே வாதிட்டார். கூட்டத்தில் கண்டது தனி ஆளுக்குப் பொருந்த வேண்டுமானால், எல்லாரும் ஒரே விதிப்படி இயங்க வேண்டும், அந்த விதி காலப்போக்கில் மாறவும் கூடாது. வளர்ச்சி, கற்றல், சிகிச்சை எதிலும் இந்த இரண்டாவது நிபந்தனை நிற்காது. மாறுவதைத்தானே படிக்கிறோம்.

நடைமுறையில் என்ன செய்வது? உங்கள் மாறியை இரண்டாகப் பிரியுங்கள். தினமும் தூக்க நேரமும் எரிச்சலும் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் வழக்கமாகத் தூங்குவது 5 மணி நேரம், இன்னொருவர் 8. நேற்று இருவரும் 6 மணி நேரம் தூங்கினார்கள். முதல் ஆளுக்கு அது +1, இரண்டாவது ஆளுக்கு −2. ஒருவருக்கு அது நல்ல இரவு, மற்றவருக்கு மோசமான இரவு. ஆளின் சராசரியை ஒரு நெடுவரிசையிலும், அந்த நாளின் விலகலை இன்னொரு நெடுவரிசையிலும் வைத்து இரண்டையும் சேர்த்தே மாடலில் போடுங்கள். இரண்டு குணகங்கள் வரும். அவை வேறுபட்டால் அதுதான் உங்கள் ஆய்வேட்டின் சுவாரசியமான அத்தியாயம்.

மனச்சோர்வு முதலில் வருகிறதா, தூக்கக் கேடு முதலில் வருகிறதா? கிராஸ்-லேக்டு மாடல் சொல்லிவிடுமா?

பழைய கிராஸ்-லேக்டு மாடல் சொல்வதாகப் பாவனை செய்யும். இந்த முறை தூங்காதவர் அடுத்த முறை சோர்ந்திருந்தார் என்று காட்டும். ஆனால் அவர் எப்போதுமே தூங்காதவர், எப்போதுமே சோர்ந்தவர் என்றால்? டைப்ரைட்டிங் வகுப்பின் அதே குழப்பம்தான், பின்கதவு வழியாக. எல்லன் ஹாமாக்கரும் இரு சக ஆய்வாளர்களும் 2015இல் இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொருவருடைய நிலையான பகுதியை ரேண்டம் இன்டர்செப்டாகப் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கங்களுக்கு இடையில் மட்டும் முன் - பின் தொடர்பைத் தேடுவது. அதற்குக் குறைந்தது மூன்று தடவை அளந்திருக்க வேண்டும். அப்போதும் காரணம் நிரூபணமாகிவிட்டது என்று எழுதாதீர்கள். வேலை போனது, காதல் முறிந்தது போன்றவை உங்கள் கோப்பில் இல்லை.

நடுவில் விட்டுப்போனவர்களை என்ன செய்வது?

ஏன் போனார்கள் என்று முதலில் கேளுங்கள். ரூபின் 1976இல் வகுத்த பிரிவுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பஸ் கிடைக்காமல் வராதது ஒரு வகை. போன தடவை மதிப்பெண் மோசமாக இருந்ததால் மனம் விட்டுப்போய் வராதது இன்னொரு வகை. அந்தப் பழைய மதிப்பெண் நம் கையில் இருப்பதால் மிக்ஸ்டு மாடல் இதைத் தாங்கும். இன்று எழவே முடியாத அளவு சோர்ந்திருப்பதால் வராதது மூன்றாவது. எந்த அளவீடு நமக்கு வேண்டுமோ அதுவே காணாமல் போவதற்கும் காரணம். இதற்கு மாடல் மட்டும் போதாது, ஊகங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கிடைத்த மதிப்பெண்ணையே மிச்சக் கட்டங்களில் நிரப்பும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்த 87,498 பிள்ளைகளுக்கு ஒரே நாளில் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அவர்களில் 550 பேரை 79 வயதில் தேடிப் பிடித்துத் திரும்பச் சோதித்தது இயன் டியரியின் குழு. உயிரோடு இருந்து, எடின்பரோ வட்டாரத்தில் இருந்து, வரவும் சம்மதித்த 550 பேர். 11 வயது மதிப்பெண்ணுக்கும் 79 வயது மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.66. 68 வருடத்துக்குப் பிறகு இது ஆச்சரியமான எண்தான். ஆனால் இதைக் காட்டி "அறிவு மாறுவதில்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒட்டுறவு சொல்வது வரிசையைப் பற்றித்தான். எல்லாரும் ஒரே மாதிரி 10 மதிப்பெண் இறங்கினாலும் ஒட்டுறவு 1ஆகவே இருக்கும். தவிர 0.66இன் வர்க்கம் 0.44, பாதிக்கு மேல் வேறு எங்கிருந்தோ வருகிறது.

என் ஆய்வேட்டில் இரண்டு அளவீடுதான் இருக்கிறது. வைவா மூன்று மாதத்தில். இப்போது என்ன செய்ய?

இரண்டு குழு இருந்தால், கழித்துப் பார்ப்பதா, தொடக்க மதிப்பைக் கட்டுப்படுத்திப் பார்ப்பதா என்று முதலில் முடிவெடுங்கள். இரண்டும் எதிரெதிர் பதில் தரலாம் என்று ஃபிரடெரிக் லார்டு 1967இலேயே காட்டிவிட்டார். அவர் கற்பனையாகச் சொன்ன கல்லூரி உணவுக்கூடத்தில் ஆண்களின் சராசரி எடையும் மாறவில்லை, பெண்களுடையதும் மாறவில்லை. ஒரு புள்ளியியலாளர் "உணவால் விளைவு எதுவும் இல்லை" என்கிறார். இன்னொருவர் தொடக்க எடையைக் கட்டுப்படுத்திவிட்டு, அதாவது ஒரே எடையில் தொடங்கிய ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு, "பெண்களைவிட ஆண்களுக்கு எடை அதிகம் கூடியது" என்கிறார். குலுக்கல் முறையில் குழு பிரித்திருந்தால் தொடக்க மதிப்பைக் கட்டுப்படுத்துவது நல்லது. இயல்பாகவே வேறுபட்ட குழுக்கள் என்றால் இரண்டையும் செய்து இரண்டையும் எழுதுங்கள், தேர்வாளர் கேட்பதற்கு முன்பே.

ஆளுக்கு ஆள் மாற்றத்தைப் படமாகப் போடுங்கள். மேலே சொன்ன 11 புள்ளிக் கணக்கை உங்கள் அளவுகோலுக்குப் போட்டு, அதைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். "வளர்ச்சிப் பாதை" போன்ற சொற்களைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்று மாதம் இருக்கிறது என்றீர்களே. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பாளர்களின் ஒப்புதலும் இடம் கொடுத்தால், அந்த ஆட்களின் போன் நம்பரும் கையில் இருந்தால், இந்த வாரமே கூப்பிட்டு மூன்றாவது தடவை அளந்துவிடுங்கள். பாதிப் பேர் வந்தாலும் போதும், மேலே சொன்ன மூன்றாவது வகைக் காரணமாக இல்லாதவரை வராதவர்களை மாடல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொருவரும் வந்த தேதியைத் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ள மட்டும் மறந்துவிடாதீர்கள்.